582

கோஷிட்சே நகரத்துத் தொழிற்பேட்டையில்
முன்பு தையல் எந்திரங்கள் ஓடிய கூடம்.
இப்போது பன்னிரண்டு மரத்தடுப்புகள்.
ஒவ்வொன்றிலும் ஒரு நாற்காலி, ஒரு குவளை வெந்நீர்,
ஒரு சிவப்பு விளக்கு.
சிப்ஸின் நிறம் தெரியக் கூடாதாம்.

ஓஹையோவிலிருந்து வந்த நிறுவனம்.
அவர்கள் ஊர்க் கடைகளில் நான்கு தட்டும் அவர்களுடையதே.
இங்கே ஒரே தட்டு,
அதுவும் முழங்கால் உயரத்தில்.
கண் உயரத்துக்கு ஏற
உள்ளூர் ருசி ஒன்று வேண்டும் என்றார்கள்.
செம்மறிப் பாலாடைக்கட்டி என்றோம்.
ஆட்டைப் பார்க்காமலே செய்து அனுப்பினார்கள்,
மூன்று விதமாய்:
417, 582, 903.

நான் மொழிபெயர்ப்பாளர்.
மணிக்குப் பதினான்கு யூரோ.
தின்றவர்கள் சொன்னதையெல்லாம்
மாலை ஆறுக்குள் ஆங்கிலமாக்கி அனுப்ப வேண்டும்.

“ஈரக் கம்பளி” என்றாள் ஓட்டிலியா.
அப்படியே எழுதினேன்,
பிறகு அடித்துவிட்டு
‘மலைப்பகுதியின் அசல் மணம்’ என்று போட்டேன்.
“என் மாமனார் காலுறை” என்றான் ஏழாம் தடுப்புக்காரன்.
பாராட்டா வசவா என்று கேட்டேன்.
“மாமனாரைத் தெரிந்திருந்தால் கேட்கமாட்டாய்.”

ஒன்பதாம் தடுப்பில் வெண்டெலின் ஹ்ரிவ்னாக்,
டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர்.
மூன்று தட்டையும் துடைத்துவிட்டு,
இடையில் வாய் கொப்பளிக்காமல்,
582 என்றார்.
ஏன்?
“சத்தம் நல்லா இருக்கு.
கடைசி நிறுத்தத்துக்குத் திரும்பும் வளைவில்
தண்டவாளம் இப்படித்தான் பேசும்.”

வெளியே சிகரெட் பற்றவைத்தபடி சொன்னார்:
அந்தக் காய்ச்சல் வந்துபோன குளிர்காலத்திலிருந்து
எனக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை.
காப்பியும் கழுவுநீரும் ஒன்றுதான்.
ஒரு தடவை வந்தால் நாற்பது யூரோ.
எரிவாயுக் கட்டணம் உனக்கும் வருகிறதல்லவா.
பின்பு என் முகத்தைப் பாராமல்,
“சொல்லிவிடுவாயா?”

உள்ளே போய் எண்ணினேன்.
417க்கு ஐந்து பேர், 582க்கு ஐந்து பேர்,
903க்கு யாரோ ஒரே ஒரு ஆள்.
மிச்சம் அவர்.

ஓஹையோவில் அப்போது நண்பகல்.
ஒருவேளை அவர்களும் சாப்பிடப் போயிருப்பார்கள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்க வேண்டும், சரி,
இதில் யார் யாருக்கு உப்பிட்டது?
‘பங்கேற்பாளர் ஒன்பது:
இளமைக் காலத்தை நினைவூட்டும் சுவை’
என்று தட்டி அனுப்பிவிட்டேன்.

ஏப்ரலில் பொட்டலம் வந்தது.
அதன் மேல் ஒரு செம்மறி,
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு.
கண் உயரத்தில் நின்றது.
எங்கள் பக்கத்து ஊர் ஆலையின் வெங்காய வறுவல்
முழங்காலுக்கு இறங்கியிருந்தது;
எடுக்கக் குனிந்தேன்,
குனிந்த இடத்தில் விலையும் குறைத்திருந்தார்கள்.

வெண்டெலினுக்கு ஒரு கடிதம் வந்ததாம்.
சந்தையின் தீர்ப்போடு முழுதும் ஒத்துப்போன நாக்கு,
அடுத்த மாதம் மிளகாய்த்தூள் வகைக்கும் வருக,
இம்முறை ஐம்பது யூரோ.
அதையும் நான்தான் மொழிபெயர்த்திருந்தேன்.

நேற்று டிராமில் பார்த்தேன் அவரை.
பின்னிருக்கை முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள்,
கைக்குக் கை அந்தச் செம்மறி.
நொறுங்குகிற சத்தம்
பெட்டியின் இந்த முனைவரை வந்தது.
அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.
சட்டென்று எழுந்து
தொப்பியை எடுத்துக்கொண்டு
கதவருகே போய் நின்றார்.

கடைசி நிறுத்தத்துக்கு
இன்னும் நான்கு இருந்தன.