சொத்து விவரம்

இருபத்தாறு வருஷமாய்
சூரமங்கலம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையோரம் ஒரு மேஜை, ஒரு மின்விசிறி.
ஊரார் வாங்கியதை, விற்றதை,
பாகம் பிரித்துப் பேச்சு விட்டுப்போனதை
எழுதிய கை இது.
எனக்கென்று ஒரு நான்கெல்லை எழுதியதில்லை.

குழந்தைவேலுக்கு முழங்கால் வலி.
ஆனாலும் மலைமேல்தான் வீடு என்றார்.
"கீழே மே மாசம் ஆளே வேகுது, கோதை."
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
கண்ணாடியை இறக்கிவிட்டு மோப்பம் பிடித்தபடி வந்தார்.
காப்பிப் பூ எங்கோ பூத்திருந்தது,
அல்லது முன்னால் போன காரில் யாரோ சென்ட் போட்டிருந்தார்கள்.

பெரிய இரும்புக் கதவு.
பெயர், வண்டி எண், யாரைப் பார்க்க, வந்த நேரம்.
நோட்டை நீட்டிய காவலாளியின் பெயர் சடையன்.
என் கையெழுத்தைப் பார்த்து
"டீச்சருங்களா?" என்றார்.

ரெக்ஸ் தம்பி டை கட்டியிருந்தார்.
மாதிரி வீட்டில் மாதிரி ஆப்பிள்கள்,
இழுத்தால் திறக்காத மாதிரி அலமாரி.
மாடியில் நிறுத்திக் கையை வீசினார்.
"ராத்திரியானா சேலம் முழுக்க இங்கேருந்து தெரியும் மேடம்.
அதுக்குத்தான் எட்டு லட்சம் கூட."
அந்த வெளிச்சத்துக்குள்
தாதகாப்பட்டிப் பக்கம் ஒரு புள்ளியை விற்றுத்தான்
இதை வாங்க வேண்டும்.
அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பழைய பத்திரங்களில் ஒரு வரி வரும்,
மூச்சு விடாமல் எழுதுவேன்:
நிதி நிட்சேப ஜல தரு பாஷாண...
புதையல், தண்ணீர், மரம், கல்
சகலமும் வாங்குகிறவருக்கே.
ரெக்ஸ் கொடுத்த வரைவில் தேடினேன்.
தண்ணீர்: லாரியில், வாரம் மூன்று நடை.
மரம்: சங்கத்தின் அனுமதியின்றிக் கிளையும் ஒடிக்கலாகாது.
கல்: கம்பெனிக்கு.
புதையலைப் பற்றிப் பேச்சில்லை.
மாடியில் துணி காயப்போடக் கூடாது என்பது மட்டும்
தடித்த எழுத்தில்.

வடக்கே வில்லா 12ஏ. பதின்மூன்று கிடையாது.
தெற்கே இன்னும் வானம் போடாத 15.
கிழக்கே இருபதடிப் பொதுச்சாலை.
மேற்கே சுற்றுச்சுவர்.

மேற்கே சுவர் இன்னும் முடியவில்லை,
ஓர் ஆள் அகலத்துக்கு இடைவெளி.
அதில் விறகுக் கட்டோடு மூன்று பெண்கள் நுழைந்து
எங்கள் வரவேற்பறை வரப்போகும் இடத்தை
குறுக்கே கடந்து போனார்கள்.
சடையன் நோட்டை நீட்டவில்லை.
கதவை அகலத் திறந்தார்.
கடைசியாய்ப் போனவள்
"சோறு மூடி வெச்சிருக்கேன்" என்றாள் அவரைப் பார்க்காமலே.

"அடுத்த மாசம் அடைச்சிடுவோம் மேடம்," ரெக்ஸ் அவசரமாக.

திரும்பும்போது சடையனிடம் கேட்டேன்,
அந்தப் பக்கம் என்ன என்று.
"எங்க ஊருங்க. சுத்திப் போனா நாலு மைலு."

வில்லங்கம் போட்டுப் பார்த்தாயிற்று.
முப்பது வருஷத்துக்கு ஒன்றுமில்லை.
நடப்பதை யாரும் பதிவு செய்வதில்லை.

பதிவன்று, பேனாவில் நீல மை.
மேற்கெல்லைக்கும் அதற்கடுத்த வரிக்கும் நடுவே
பழக்க தோஷத்தில்,
அப்படித்தான் பிறகு எல்லோரிடமும் சொன்னேன்,
பொடியெழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்:
'மாமூல் தடத்தில் ஆள் நடக்கும் பாத்தியத்துக்கு உட்பட்டு.'

கம்பெனி வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார்,
மறுபடி படித்தார்.
அடித்தார்.
குழந்தைவேல் முழங்காலைத் தடவியபடி
கடிகாரத்தைப் பார்த்தார்.
நான் கையெழுத்துப் போட்டேன்.
ஆமாம், வாங்கிவிட்டோம்.

இறங்கும்போது ஒன்பதாவது வளைவில் சொன்னார்:
"இத்தனை வருஷத்துல உன் பத்திரத்துல
ஒரு அடித்தல் இருந்ததில்லையே."

மூன்றாம் பக்கத்தின் அடியில்,
முறைப்படி என் கையாலேயே எழுதியிருக்கிறேன்:
வரிபிளப்பு ஒன்று.
அடித்தல் ஒன்று.

ஒற்றைக் கோடுதான்.
வெளிச்சத்தில் பிடித்தால்
படிக்க வருகிறது.