நான்காவது சாவி

முதல் வீட்டில் ரெவி சுவரைத் தட்டிப் பார்த்தான்,
தர்பூசணி வாங்குகிறவன் மாதிரி.
சாப்பாட்டறையை நடுவில் தடுத்தால்
அறை ஐந்து, மாணவர் ஐந்து, வாடகை ஐந்து.
எனக்கு அந்தச் சுவர் தெரிந்துவிட்டது.
இன்னும் வாங்காத மேசையில்
இன்னும் சாப்பிடாத ராச்சாப்பாட்டின் குறுக்கே
நின்றது.
அந்தப் பக்கம் ரெவி. இந்தப் பக்கம் உப்பு.

ஆஸ்பத்திரியில் அவனுக்கு ஆறு வருட ஒப்பந்தம்.
டனீடினுக்குப் பிறகு கிரைஸ்ட்சர்ச்சோ,
கடல் தாண்டி மெல்பர்னோ.
"விற்கக் கூடாது. விட்டுவிட்டுப் போகணும்.
தன் கடனை அதுவே கட்டிக்கணும்" என்கிறான்,
வளர்ந்த பிள்ளையைச் சொல்வதுபோல.
வளராத பிள்ளை மாய்ரே
தரகர் லொரேன் வாசலில் கழற்றிய காலணிக்குள்
கூழாங்கல் போட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வீட்டில், மூன்றாவதில்
நானும் பழகிவிட்டேன்.
கறை தெரியாத கம்பளம்.
உடைந்தால் எந்தக் கடையிலும் கிடைக்கிற கைப்பிடி.
ப்ளம் மரமா, வேர் சாக்கடையைத் தேடிப் போகும்.
மஞ்சள் சமையலறையா, வேண்டாம்,
யாரும் குறை சொல்லாத சாம்பல் போதும்.
எங்களுக்கு ரொம்பப் பிடித்துவிடாத ஒரு வீட்டைத் தேடி
மூன்று சனிக்கிழமை அலைந்தோம்.

நான்காவது பள்ளத்தாக்கில்.
பல்கலைக்கழகம் நடைதூரம்.
ரெவி கால்குலேட்டரைச் சட்டைப்பையில் போட்டுவிட்டான்,
கணக்கு அவ்வளவு சரி.
நான் சின்ன அறையில் நின்றேன்.
ப்ளீச் வாசனை. ஜன்னல் சட்டத்தில்
துடைத்தும் போகாத கறுப்புப் பூஞ்சை.

எனக்குப் பத்தொன்பது வயது.
இதே தெரு இல்லை, இதே குளிர்.
கண்ணாடிக்கு உட்பக்கம் உறைபனி.
துண்டு காய மூன்று நாள்.
கூரையில் யாரோ தங்கள் குழந்தைக்கு ஒட்டிய நட்சத்திரங்கள்
விளக்கணைத்தால் பச்சையாய் எரியும்.
மூன்று போர்வைக்குள்ளிருந்து எண்ணுவேன், முப்பத்தொன்று.
ஒரு குடும்பம் வாழ்ந்துவிட்டு, வாடகைக்கு விட்ட வீடு அது.
அவர்களும் நல்லவர்கள்தான்.
வருடம் தவறாமல் கிறிஸ்துமஸுக்கு அட்டை போடுவார்கள்.
ஹீட்டர் போடமாட்டார்கள்.

"ஜூனில் இங்கே எத்தனை மணி நேரம் வெயில்?"
லொரேன் போனைப் பார்த்தாள்,
எதிர்க் குன்றைப் பார்த்தாள்.
"கோடையில் அருமையாக வரும்" என்றாள்.

ஒப்போஹோ மேட்டில் வாங்கினோம்.
வடக்கு பார்த்த வீடு;
இந்த ஊரில் சூரியன் வடக்கோரமாகத்தான் நடக்கும்.
அறை மூன்றே மூன்று.
வாரத்துக்கு நூற்றிருபது டாலர் குறையும் என்று
ரெவி இரண்டு முறை சொன்னான்.
மூன்றாவது முறை சொல்ல வந்தவன்
பின்படியில் உட்கார்ந்தான், கொஞ்ச நேரம்,
கண்ணை மூடிக்கொண்டு.
சமையலறைக்கு மஞ்சள் அடித்தேன்.
ப்ளம் மரம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை.

சாவிக்கடைக்காரர் எத்தனை என்று கேட்டார்.
ரெவிக்கு, எனக்கு, பக்கத்து வீட்டுக்கு.
நான்கு என்றேன்.
நான்காவது இழுப்பறையில் கிடக்கிறது
மெழுகுவர்த்தி, நூல், தீர்ந்த பேட்டரிகளோடு.
யாருக்கு என்று மாய்ரே கேட்கிறாள்.

தெரியாது.
அவளுக்கு இப்போது பதின்மூன்று இருக்கலாம்.
எந்த ஊரிலோ சைக்கிளிலிருந்து விழுந்து
முழங்காலை ஊதிக்கொண்டிருக்கலாம்.