புளூமெண்டால் வீதி, இரண்டாம் மாடி

ஏழாம் மாதம்.
துறைமுகக் கொள்கலன் லொறிகள்
விடிய நாலு மணிக்கே வரிசையில் நின்று உறுமும்.
யன்னலைச் சாத்தினால் வேர்வை,
திறந்தால் டீசல்.
வேர்வையைத்தான் தெரிந்தெடுத்தேன்,
எல்லா இரவும் அல்ல.

கொடியில் காயப்போட்ட உன் முதற்சட்டை
நீ பிறக்கமுன்னே கறுத்தது.
இரண்டு தரம் தோய்த்தேன்.
உள்ளே இழுத்ததை எங்கே தோய்ப்பது?

கிளினிக்கில் பரீனா மிஸ்
இரும்பு மாத்திரை, கீரை, முட்டை
எல்லாம் விசாரித்தார்.
மூச்சைப் பற்றிக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்,
வாடகை குறைவு என்றா?

இரண்டு கிலோ நூற்றைம்பது.
அட்டையில் உன் புள்ளி
பச்சைக்குக் கீழே நிற்கிறது.
லொறிச் சாவியை மேசையில் வைத்துவிட்டு
அப்பா மறுபடியும் கைகழுவுகிறார்,
உன்னைத் தூக்க.