பன்னிரண்டாவது பிழை

தார்த்து நகரில் டிசம்பர் மாதம்
மூன்றரைக்கே இருட்டிவிடும்.
சமையலறை மேசையில் லெய்டா
இரண்டு மொழிபெயர்ப்புகளையும் விரித்து வைத்திருக்கிறாள்.
ஐம்பத்து மூன்றில் வந்த பழையது, முதுகில் ஒட்டுத்துணி.
பதிப்பகம் அனுப்பிய புதியது, இன்னும் மெய்ப்புத் தாளாக.
மெய்ப்புப் பார்க்கத்தான் அவளுக்குக் கூலி.
ஒப்பிடச் சொல்லி யாரும் காசு தரவில்லை.

பழையவர் வோல்டெமர் ரூஸ். பயந்த மனிதர்.
பாதிரியார் வரும் இரண்டு பக்கங்களையே காணோம்.
கதாநாயகன் கும்பிட வேண்டிய இடத்தில்
தொண்டையைச் செருமிக்கொள்கிறான்.
புதியவள் கெர்து லாஸ்.
பாதிரியார் திரும்பி வந்துவிட்டார்,
பல்வலியோடும் இரவல் குடையோடும்.
லெய்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது:
இத்தனை காலம் எங்கே ஐயா போயிருந்தீர்?

கெர்துவின் பனி சரியாக இருக்கிறது.
ரூஸின் பனியில் கால் புதைகிறது.

பிறகு கடைசிப் பக்கம்.
மனைவிக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்க
'ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கை அணைத்தார்'
என்று முடித்திருந்தார் ரூஸ்.
'விளக்கு அணைந்தது' என்கிறாள் கெர்து.

அவர்கள் மொழியில் ஓர் அசைதான் கூடுதல்.
நமக்கென்றால்,
மெல்லினம் இருந்த இடத்தில் ஒரு வல்லினம்.

ஆறு வருடங்களுக்கு முன்
மருத்துவமனையின் நான்காம் மாடியில்
எண்டலின் சுவாசக் கருவியை நிறுத்தச் சம்மதித்துக்
கையெழுத்துப் போட்டபோது
பேனா நடுங்கவில்லை அவளுக்கு.
ஸ்டேஷன் மாஸ்டர் செய்த காரியம்தானே.
பதினேழு வயதிலிருந்து தெரியும்.

போன் போட்டுக் கேட்டாள்: நிச்சயம் தானாகவா?
'தானாகத்தான். நான்கு வரி முன்னால்
எண்ணெய் தீர்ந்துவிடுகிறதே.
பெரியவர் அதைத் தவறவிட்டிருப்பார், பாவம்.'
கெர்துவுக்குப் பின்னால் ஒரு குழந்தை
கரண்டியால் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது.
சரி, சூப் ஆறுவதற்குள் கொடு, என்று வைத்துவிட்டாள்.

ரூஸைப் புரட்டினாள்.
எண்ணெய் இருக்கிறது. தீர்ந்தும் போகிறது.
நான்கு வரி முன்னால், அதே இடத்தில்,
ஒரு சொல்கூடப் பிசகாமல்.

அப்படியானால்
எண்ணெய் தீர்ந்த விளக்கைத்தான் அவர் அணைக்க வைத்திருக்கிறார்.
ஐம்பத்து மூன்றில்
அந்த வீட்டில் யார் படுத்திருந்தார்களோ.

வரிக்கு நேரே பென்சில் வெகுநேரம் நின்றது.
கடைசித் தாளின் அடியில்
'பிழைகள்: பன்னிரண்டு' என்று எழுதிவிட்டுப் படுத்தாள்.
காலையில் ரப்பரைத் தேடி எடுத்து அழித்தாள்.
பதினொன்று.