யார் சுமப்பது

செவ்வாய் மாலை வகுப்பில்
வீப்கெ டீச்சர் பலகையில் ஓர் அலமாரி வரைந்தாள்.
கால் மூன்றுதான்; நேரம் போதவில்லையாம்.
டேர் அல்டெ ஷ்ராங்க்: அந்தப் பழைய அலமாரி.
ஐன் அல்டர் ஷ்ராங்க்: ஒரு பழைய அலமாரி.
அலமாரி ஆண்பால் என்பதை
யாராவது ஒருவர் சொல்லியாக வேண்டும், என்றாள்.
முன்னால் நிற்கும் டேர் சொல்லிவிட்டால்
பெயரடைக்கு ஓர் 'எ' போதும்.
ஐன் வாயைத் திறக்காது.
அப்போது அந்த 'ர்'
பெயரடையின் தலையில்.

"இதற்கு வரிப் படிவமே மேல்"
ஹலினா பேனாவை மூடிவிட்டாள்.
எனக்குப் புரிந்துவிட்டது.
வீடு மாற்றும் வண்டியில் வேலை எனக்கு.
கீழ்ப்படியில் டெட்லெஃப் எடை வாங்கினால்
மேல்படியில் என் கை சும்மா திசை காட்டும்.
அவனுக்கு முட்டி வலிக்கிற நாளில்
எல்லாம் நான்தான்.

புதன்கிழமை. காஸல் நகரம்,
மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை.
ஓக் மரம். உள்ளே இன்னும் அந்துருண்டை வாசம்.
"பார்த்து! மிட் டேம் அல்டன் ஷ்ராங்க்"
என்றார் ஓஸ்டர்காம்ப் அம்மாள்.
நேற்று எட்டு முறை நான் தவறவிட்ட 'ன்'
முதுகு நிமிர முடியாத வளைவில்
தானாக வந்து காதில் ஏறியது.

மங்கோலியப் பேச்சில்
பொருள் என்றால் ஹூச்சின், ஆள் என்றால் ஹொக்ஷின்.
எதன்முன் வைத்தாலும் வளைவதில்லை.
இங்கே இரண்டுக்கும் அல்ட்.

அவர் போகிற இல்லத்தில்
ஓர் அறை, ஒரு கட்டில்.
அலமாரி யாரோ உறவினரின் நிலவறைக்கு.
அது நின்ற இடத்தில் மட்டும்
சுவர் இன்னும் நீலமாக இருந்தது.
அதைப் பார்த்தபடி சொன்னார்:
"இஷ் பின் அல்ட்."

நான் விகுதியைத் தேடினேன்.
எ இல்லை. ர் இல்லை. ன் இல்லை.
பின்னால் பெயர்ச்சொல் ஏதும் வராதபோது
சொல் மொட்டையாகவே நிற்கும்.
அறுபத்தொன்றாம் பக்கம்.
சுலபம் என்று
ஐந்து நிமிஷத்தில் தாண்டிப்போன பக்கம்.

பதில் ஏதாவது சொல்ல வேண்டும்.
கையுறையைக் கழற்றினேன்.
பால் பார்த்து, வேற்றுமை பார்த்து,
"ஐன் ஷோனர் ஷ்ராங்க்" என்றேன்.
அழகான அலமாரி.
'ர்' சரியாக விழுந்தது.
வேறெதுவும் சரியாக விழவில்லை.

கீழே டெட்லெஃப் ஹாரன் அடித்தான்.
தபால் பெட்டியில் போட்டுவிடச் சொல்லி
சாவியை நீட்டினார்.
சாவி என்ன பால் என்று யோசிக்காமல்
வாங்கிக்கொண்டேன்.