வலது கன்னம்

பகாவ் பேருந்து நிலையத்துக்கு எதிரே
பெயர்ப்பலகையில் ஓர் எழுத்து விழுந்துபோன மருந்துக்கடை.
பத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசு.
விலைச்சீட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்,
கீழே இன்னொரு விலை ஒளிந்திருக்கிறதா என்று.

கல்லாவில் நின்ற நோர்ஃபாசிலா
குழாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு
குரல் தாழ்த்திக் கேட்டாள்:
"காக், வயிற்றில் பிள்ளை ஏதும் இருக்கா?
இருந்தால் ரெட்டினால் ஆகாது."

எனக்கு நாற்பத்தேழு முடியப்போகிறது.
பின்னால் இருமல் மருந்தோடு நின்ற சீனக் கிழவர்
இருமலை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்.
இல்லை என்றேன்.
கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன்.

*

செம்பனை ஆலையின் எடைமேடையில்
பதினெட்டு வருடமாக ஒரே நாற்காலி.
லோரி ஏறும், எண் நிற்கும்,
சீட்டைக் கிழித்து நீட்டுவேன், லோரி இறங்கும்.
வலப்புறக் கண்ணாடி கிழக்கே பார்த்தது.
எட்டு மணிக்கு வெயில் உள்ளே வந்து
என் வலது கன்னத்தில் உட்காரும்;
ஆலைச் சங்கு ஊதும்வரை எழுந்திருக்காது.

குளியலறைக் கண்ணாடியில்
இடது பக்கம் என் தங்கை மாதிரி இருக்கிறாள்.
வலது பக்கம்
அவளுக்குக் கடன் கொடுத்தவள் மாதிரி.

*

பட்டாணி அளவு போதும் என்கிறது தாள்.
எந்தப் பட்டாணி?
கச்சாங் பூத்தே பொட்டலத்தின் வறுத்த பட்டாணியா,
இரவெல்லாம் ஊறிக் காலையில் குண்டாகிக் கிடக்கும் பட்டாணியா?
முதல் இரவு நான் எடுத்தது ஊறினது.
நான்காம் நாள் அதன் தோல் மாதிரியே
மூக்கோரம் உரிந்தது.

"போர்ட்டிக்சன் போனியா, முகமெல்லாம் சிவந்திருக்கே"
என்றாள் கணக்குப் பகுதி புனிதமலர்.
ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.
கடல் எப்படி இருந்தது என்றும் கேட்டாள்.
அலை இல்லை என்றேன்.

தவநேசன் ஒன்றும் கேட்கவில்லை.
மறுநாள் என் தலையணைப் பக்கத்தில்
காமாட் எண்ணெய்ப் புட்டி ஒன்று இருந்தது,
மூடியைப் பாதி திறந்து வைத்தபடி,
என் விரலுக்கு அது இறுக்கம் என்று அவருக்குத் தெரியும்.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டே இரவு.
செவ்வாய், வெள்ளி.
விளக்கேற்றும் நாட்கள், மறக்காது.
வறுத்த பட்டாணி.

*

தாளின் கடைசி வரியைப் பிறகுதான் படித்தேன்:
பகலில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகாதே.
சன்ஸ்கிரீன் முப்பத்தொன்பது வெள்ளி.
இரவைச் சலுகை விலையில் விற்றுவிட்டு
பகலுக்கு முழுவிலை கேட்கிறார்கள்.
எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன்.

இரும்புச்சாமான் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி,
இலக்கம் ஒவ்வொன்றும் உள்ளங்கை பெரிது.
வலப்புறக் கண்ணாடியில் வெளியே பார்க்க ஒட்டினேன்.
"ஏன் காக், இன்று என்ன தேதி என்று
எங்களுக்குத் தெரியாதா?"
கேட்டான் சுகியோனோ, லோரியிலிருந்து எட்டிப்பார்த்து.
தெரிந்துகொள் என்றேன்.

விடுமுறை நாட்களின் சிவப்பு
முதலில் இளஞ்சிவப்பானது.
பிறகு தேசிய தினமும் தெரியவில்லை,
தீபாவளியும் தெரியவில்லை.
கறுப்பு எண்கள் மட்டும் பிடிவாதமாக நின்றன.
பதினெட்டு வருடம் நான் அங்கேதான் இருந்தேன்,
அந்தத் தாளின் இடத்தில்.

*

பன்னிரண்டு வாரம் பொறு என்றிருந்தது, பொறுத்தேன்.
விளக்கை அணைத்துவிட்டு
வலது கன்னத்தில் விரலை ஓட்டிப் பார்க்கிறேன்.
தடுக்கவில்லை.
ஆனால் சீட்டுக் கிழித்துக் கிழித்து
என் விரல்நுனியும் வழவழவென்றுதான் இருக்கிறது.
எது எதைத் தடவுகிறது,
மாறியது எது, எனக்குச் சொல்லத் தெரியாது.

குழாய் நசுங்கிவிட்டது.
கத்தரிக்கோலால் வயிற்றைப் பிளந்தேன்.
ஓரங்களில் இன்னும் இருக்கிறது;
வறுத்த கணக்கில்
நான்கு இரவு வரும்.