முதுகில் எழுத்து

குளச்சலுக்குக் கூரியரில் வந்த தகரப் பெட்டிக்குள்
நாலு வட்டப் பலகாரம்.
ஹாங்காங்கில் கப்பல் கட்டியிருந்தபோது
பழைய கடையொன்றில் வாங்கியதாம்.
நிலவுப் பண்டிகைக்குத் தின்பார்களாம்.
ஒவ்வொன்றின் முதுகிலும் எழுத்து.
சாமி பெயராக இருந்தால்?
கடிக்கக் கூச்சம் எனக்கு.

ஒன்றைப் பொதிந்து
ஹிலாரி அண்ணனின் போர்மாவுக்குக் கொண்டுபோனேன்.
கிறிஸ்துமஸ் கேக்குக்குத் திராட்சை
ரம்மில் ஊறத் தொடங்கிய மாதம்.
எழுத்தில் படாமல் கத்தி வைத்தார்.
நடுவில் முட்டை மஞ்சள், சிவந்து, உப்பேறி.
"வாத்தாக்கும்."
சுற்றிலும் இருப்பதோ தாமரை வித்து,
பெட்டியில் படம் இருந்தது.
"சுசீந்திரம் குளத்துல பூப் பறிச்சுத்
தோவாளைக்கு அனுப்புதானுவ.
வித்த எவன் பறிச்சான்?"

சிறுபயறு வறுத்தார். கருப்பட்டி.
முந்திரிக்கொத்து உருட்டுகிற அதே கை.
முட்டைகளை நான்
கருவாட்டு உப்பில் இருபது நாள் புதைத்து வைத்திருந்தேன்.
அச்சுக்கு எங்கே போக?
சோடா மூடியை அழுத்தினார்,
ஓரம் பூத்துக்கொண்டது.

ஆறில் நாலு வெடித்தது.
ஒன்றில் கருவாட்டு வாடை.
ஒன்று தேறியது.

போனில் காட்டினேன். முகம் உறைந்து உறைந்து சிரித்தார் ததேயூஸ்.
"அதுல என்னதான் எழுதியிருக்கு?"
குசினிக்காரன் லியாங்கைக் கேட்டுவந்து சொன்னார்:
"கடைக்காரன் பேராம்."

அண்ணனிடம் சொன்னேன்.
ஒன்றும் பேசவில்லை.
அடுத்த தட்டில்
ஈர்க்கிலால் 'ஹி' என்று கீறி
அடுப்புக்குள் தள்ளினார்.

மீதி மூன்றையும்
அன்று ராத்திரி நின்றுகொண்டே தின்றேன்.